பெங்களூரில் பழைய தரைத்தள வீட்டின் மேல் மாடி எடுக்கப்போகிறோம். வேலை தொடங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

30×40 மனை, இருபத்தைந்து வருட வீடு, மேலே இரண்டு அறையும் ஒரு பாத்ரூமும் வேண்டும், மேஸ்திரி சதுர அடிக்கு ரேட் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். அந்த ரேட் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். கீழ் வீடு தாங்குமா என்று கேட்டால் எந்த மேஸ்திரியும் "தாராளமா தாங்கும் சார்" என்றுதான் சொல்வார். முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு.

வீடு பில்லரில் நிற்கிறதா, சுவரில் நிற்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் பல, சைஸ் கல் அஸ்திவாரத்தின் மேல் சுவரே கூரையைத் தாங்கும் லோட் பேரிங் வகை. வெளி மூலையில், சுவரை ஒட்டி 3 அடிக்கு 3 அடி குழி எடுத்து, அஸ்திவாரத்தின் அடிமட்டம் தெரியும் வரை போகச் சொல்லுங்கள். கல் கட்டின் அகலம், ஆழம், அதன் கீழ் உள்ள மண் மூன்றையும் இன்ஜினியர் கண்ணால் பார்க்க வேண்டும். இறுகிய செம்மண் வந்தால் நிம்மதி. செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் கலந்து வந்தால் அது கொட்டி மேடாக்கிய மண். ஏரியைத் தூர்த்துப் போட்ட லேஅவுட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? பார்த்ததும் குழியை மூடி நன்றாகத் திம்சு போடுங்கள். மழை நாளில் தோண்டவே வேண்டாம்.

அடுத்து கூரை. கான்கிரீட்டைக் கம்பி வரை லேசாகக் கொத்தி, உடைந்த புது முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிச்சமுள்ள இடம் இளஞ்சிவப்பாக மாறும். கம்பி வரைக்கும் நிறமே வராவிட்டால் அங்கே துருவைத் தடுக்கும் காப்பு போய்விட்டது என்று பொருள். மேற்பரப்பைத் தட்டிக் கடினத்தைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் டெஸ்ட் மட்டும் செய்துவிட்டு "நல்லா இருக்கு" என்றால் போதாது.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 5 அங்குல மோல்டு, அதாவது கான்கிரீட் கூரைத்தளம், சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. 10 அடி நீளம், 10 அடி உயரத்தில் 6 அங்குல சாலிட் பிளாக் சுவர், பூசுவதற்கு முன்பே மூன்று டன்னை நெருங்கும். அதே அளவு ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் ஒரு டன் சுற்று. அதனால் தடுப்புச் சுவர்களுக்கு ஏஏசி போதும். கூரையைத் தாங்கும் சுவர் கீழ்ச்சுவரின் நேர் மேலேயே வரவேண்டும். ஹால் பெரிதாக வேண்டும் என்று இரண்டடி நகர்த்தினால் அந்தக் கனம் முழுக்கப் பழைய மோல்டின் நடுவில் உட்காரும். அஸ்திவாரம் போதாது என்று வந்தால் ஸ்டீல் பிரேம், சிமெண்ட் போர்டு சுவர், பஃப் ஷீட் (நடுவில் ஃபோம் வைத்த தகடு) கூரை என்று லேசாகப் போகலாம். அதற்கும் இன்ஜினியர் வரைபடம் வேண்டும்.

மொட்டை மாடியில் உள்ள பழைய செங்கல் ஜல்லிச் சுருக்கியை, அதாவது வெயிலும் மழையும் இறங்காமல் மோல்டின் மேல் போட்ட சுண்ணாம்புத் தளத்தை, எடுத்துவிடுங்கள். 3 அங்குலம் என்றால் 800 சதுர அடிக்கு ஏறக்குறைய பத்து டன் குறையும். எடுத்தபின் மழை பெய்தால் கீழே ஒழுகும் என்பதால் ஜனவரியில் ஆரம்பிப்பது உத்தமம்.

பில்லர் வீடானால் பின்னால் மாடி எடுக்க என்று மொட்டை மாடியில் நீட்டி விட்ட பில்லர் கம்பிகளை அப்படியே நம்ப வேண்டாம். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மிச்சத் தடிமனை அளந்து பாருங்கள். பழைய கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டும் நீளமான லேப், கம்பித் தடிமனைப் போல் 50 மடங்கு, அதாவது 12 எம்எம் கம்பிக்கு 2 அடி. எல்லா லேப்பும் ஒரே மட்டத்தில் வரக்கூடாது. கம்பி தேறாவிட்டால், புது 12 எம்எம் கம்பிக்கு 16 எம்எம் துளை போட்டு, பசைபோன்ற கெமிக்கலால் கம்பியை ஒட்டும் கெமிக்கல் ஆங்கரிங். துளைத் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். இல்லாவிட்டால் கெமிக்கல் தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. இந்த நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாத்ரூம் கீழ் பாத்ரூமுக்கு மேலேயே இருக்கட்டும். பழைய மோல்டில் கழிவுக் குழாய் பதிக்கப் பள்ளம் கிடையாது. தரையை ஒரு அடி உயர்த்தி ஜல்லி நிரப்புவதைவிட, கழிவு வெளிச்சுவர் வழியாகப் போகும் பி-டிராப் கம்மோடு போடுவது லேசு. குளிக்கும் இடத்துத் தரைக் குழாய்க்கு மட்டும் கீழ் பாத்ரூம் சீலிங்கின் அடியில் வழி விட வேண்டும். துளை பீமில் படக்கூடாது.

பழைய வரைபட அனுமதியில் தரைத்தளம் மட்டும் இருந்தால் மாடிக்குப் புது அனுமதி வேண்டும். பி-காத்தா (முறையான அனுமதியில்லாத சொத்துக்கு மாநகராட்சி வைக்கும் தனிப் பதிவு) என்றால் அது கிடைக்குமா என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் சுருக்கி உடைப்பது, இடிபாடு ஏற்றிப்போகும் டிராக்டர், சாரம், க்யூரிங் தண்ணீர் யார் கணக்கு என்று எழுதி வாங்குங்கள். தகராறு எப்போதும் இந்த நான்கில்தான். உடைக்கத் தொடங்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, அவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.