கிணற்றில் நீந்தத் தெரிந்தவர் பியாஸ் ஆற்றில் இறங்கலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு குலு, மணாலி போகிறோம். என் மகனுக்கு 16 வயது. தாத்தா தோட்டத்துக் கிணற்றில் ஆறு வயதிலிருந்தே குதித்து நீந்துகிறவன். பியாஸ் ஆற்றில் ராஃப்டிங் போக வேண்டும், ஆற்றில் இறங்கிக் குளிக்கவும் வேண்டும் என்கிறான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவரும் நன்றாக நீந்துவார். வெயில் காலத்தில் தண்ணீர் சில்லென்றிருந்தால் சுகமாகத்தானே இருக்கும் என்கிறார்கள் இருவரும். அனுப்பலாமா?"

கீழே சொல்லும் ஏற்பாடுகள் இருந்தால் மகனை ராஃப்டிங்குக்கு, அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றின் வேகத்தோடு போகும் சவாரிக்கு, அனுப்பலாம். கணவர் தம் மருத்துவரைக் கேட்ட பிறகே படகில் ஏற வேண்டும். ஆற்றில் இறங்கி நீந்துவதற்கு மட்டும் இருவரையும் அனுப்பாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கிணற்று நீர் சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில், 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குதிக்கும்போது உடம்பு ஒரு கணம் சிலிர்க்கும், அவ்வளவுதான். பியாஸ் ஆறு ரோத்தாங் கணவாய்ப் பக்கம் பனி உருகிப் பிறக்கும் ஆறு. கரையில் நிற்பவருக்கு வியர்க்கும் மே மாதத்திலும், மணாலியை ஒட்டி அதன் நீர் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். வெயில் ஏற ஏற அந்த ஆறு சூடாவதில்லை; பனி கூடுதலாக உருகி, இன்னும் குளிர்ந்த நீர் இன்னும் வேகமாக இறங்கி வருகிறது.

அவ்வளவு குளிர்ந்த நீருக்குள் திடீரென்று விழுந்தவரை முதலில் தாக்குவது மூச்சுத் திணறல். தோலில் குளிர் பட்டதும், நாம் வேண்டாம் என்றாலும் வாய் தானாகத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர்தான் உள்ளே போகும். அதைத் தொடர்ந்து ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், இதயம் படபடக்கும், இரத்த நாளங்கள் சுருங்கி அழுத்தம் சட்டென்று ஏறும். நீந்தத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. உங்கள் கணவரைப் பற்றி நான் தயங்குவதும் இந்த இடத்தில்தான்: படகு கவிழாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, கவிழ்ந்தால் அந்த முதல் நிமிடத்தின் சுமை முழுவதும் அவருடைய இதயத்தின் மேல் விழும்.

அந்த நிமிடத்தைத் தாண்டியவரையும் குளிர் விடுவதில்லை. நீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கக்கூடியது. உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுவதால், பத்து நிமிடங்களுக்குள் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகும். நீச்சல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட, ஒரு வாளித் தண்ணீரில் பனிக்கட்டிகளைப் போட்டு இரண்டு நிமிடம் கையை வைத்திருக்கச் சொல்வேன். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போடச் சொல்வேன். கிணற்றில் தலைகீழாகப் பாயும் ஒரு பையன் பொத்தானைப் பிடித்துப் பிடித்து நழுவவிட்டு, கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. இதை உங்கள் வீட்டிலும் மகனுக்குச் செய்து காட்டுங்கள். நீங்களும் நானும் பத்து முறை சொல்வதைவிட அது அவனுக்கு நன்றாக விளங்கும்.

ஆகவே படகிலிருந்து விழுந்தவர் முதலில் செய்ய வேண்டியது நீந்துவது அன்று. லைஃப் ஜாக்கெட்டை நம்பி மல்லாந்து, முகத்தை நீருக்கு மேல் வைத்து, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை மிதக்க வேண்டும். கால்கள் நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து, விரல்நுனி நீர்மட்டத்துக்கு மேல் தெரியும்படி இருந்தால், எதிரே வரும் பாறையில் தலை மோதாமல் பாதம் முதலில் படும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரின் வேகம் ஆளை முன்னால் சாய்த்து அழுத்திவிடும், இடுப்பளவு நீரிலும் இது நடக்கும். நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தை மட்டும் மிதந்தபடியே நெருங்கக் கூடாது. கிளைகளுக்கிடையே தண்ணீர் போகும், மனிதர் போக முடியாது. அதைத் தொலைவில் கண்டதும் குப்புறத் திரும்பி, விலகி நீந்த வேண்டும். மீட்புக் கயிறு வீசப்பட்டால் கையில் சுற்றிக்கொள்ளாமல், மல்லாந்தபடியே தோளுக்கு மேலாக மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சுற்றிய கயிறு இறுகினால் கையை விடுவிக்க முடியாது.

படகில் ஏறுமுன் நீங்களே பார்க்க வேண்டியது ஜாக்கெட்டை. எல்லாப் பூட்டுகளையும் போட்ட பிறகு அதன் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்குங்கள்; காதுவரை ஏறினால் அது தளர்வு, வேறு கேளுங்கள். தலைக்கவசத்தின் வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக இருக்க வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், அவை நனைந்தால் கனத்து, சூட்டையும் இழுத்துவிடும். கயிற்றில் மாட்டக்கூடிய நகைகளைக் கழற்றி அறையிலேயே வைத்துவிடுங்கள். வழிகாட்டியிடம் உரிமம் இருக்கிறதா, மீட்புக்கு உடன் வரும் சிறு படகு இருக்கிறதா, அன்றைய நீர்மட்டத்தில் அந்தத் தடம் எந்தத் தரம் என்று கேளுங்கள். ஆற்றுத் தடங்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். முதன்முறை போகும் சிறுவனுக்கு 2, மிஞ்சினால் எளிய 3 போதும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவரின் படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள். காலை நேரச் சவாரியைக் கேட்டு வாங்குங்கள், பகல் வெயிலில் உருகும் நீர் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஆற்றை ஏற்றும்.

ஆற்றில் இறங்கிக் குளிப்பதை நான் முற்றாக மறுப்பதற்குக் குளிரோடு இன்னொரு காரணமும் உண்டு. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அதைச் சொன்னால் உடனே புரியும். மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே பவானியில் நீர் ஏறும். மழை எங்கும் பெய்திருக்காது, மேலே பில்லூர் அணையில் மின் உற்பத்திக்காகத் திறந்த நீர் அது. கணுக்கால் அளவு நீரில் நடந்து நடுப்பாறைக்குப் போய் உட்கார்ந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வது அப்படித்தான். பியாஸ் ஆற்றிலும் அணைகள் உண்டு. 2014 ஜூன் 8 அன்று, மண்டி மாவட்டத்தில் ஆற்றுப் பாறைகளில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் அடித்துச் சென்றது. உள்ளூர் நதியின் குணம் தெரிந்த நம் பிள்ளைகளும், வெளியூர் போனால் அதை மறந்துவிடுகிறார்கள்.

கரையில் உட்கார்ந்து காலை நனைக்க ஆசைப்பட்டால், நீரின் விளிம்பில் ஒரு கல்லை வைத்து அதன்மேல் கண் வைத்திருங்கள். கல் நனையத் தொடங்கினாலோ, நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். நடுப்பாறைக்கு ஒருவரும் போகக் கூடாது.

யாராவது நீரில் விழுந்து மீட்கப்பட்டால், அவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, காற்றுப் படாத இடத்தில் ஈரத்துணியைக் கழற்றி, தலையையும் சேர்த்து உலர்ந்த கம்பளியால் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்கவும் வேண்டாம், கொதிக்கும் நீரை ஊற்றவும் வேண்டாம். நல்ல நினைவோடு இருந்தால் சர்க்கரை சேர்த்த சூடான பானம் கொடுக்கலாம். குளிருக்கு நல்லது என்று யாராவது மதுவை நீட்டினால் தடுத்துவிடுங்கள், அது தோலின் நாளங்களை விரித்து மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியேற்றும். பேச்சு குழறினாலும், நடுக்கம் நின்று ஆள் சோர்ந்தாலும், நீர் குடித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து இருமலும் மூச்சிரைப்பும் வந்தாலும், காத்திருக்காமல் 112க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.