ஸ்வெட்டர், சங்கு, வெந்நீர்: ஆட்டிசம் பற்றிக் கேட்டவை

குன்னூரில் பத்து வருடமாக ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, பார்க்கிறேன். வந்த கேள்விகளில் நாலுக்கு இங்கே பதில்.

கோத்தகிரி, ஒரு அம்மா: டிசம்பர் குளிரில்கூட என் ஆறு வயதுப் பையன் ஸ்வெட்டரைக் கழற்றி எறிகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன்.

அடிக்காதீர்கள் அம்மா. நமக்குக் கம்பளி, அவனுக்குக் கம்பளிப்பூச்சி. கழுத்திலுள்ள லேபிளைத் தையலோடு பிரித்தெடுங்கள். பாதி வெட்டினால் மிச்ச முனை இன்னும் குத்தும். முழுக்கைப் பருத்தி பனியனைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, அதன்மேல் ஸ்வெட்டர் மாட்டுங்கள். இன்னொன்று, சில குழந்தைகளுக்குக் குளிர்வதே உறைக்காது. பசியும் மூத்திரம் முட்டுவதும்கூட அப்படித்தான். "குளிருதா?" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் கைவிரலைத் தொட்டுப் பாருங்கள்.

குன்னூர், ஒரு அப்பா: டீ ஃபேக்டரி சங்கு ஊதினால் மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். ஸ்டேஷனில் நீராவி இஞ்சின் கூவினால் மட்டும் குதிக்கிறாள். நடிக்கிறாளா?

நடிப்பில்லை சார். இஞ்சின் கூவும் என்று தெரிந்து, அதைக் கேட்கத்தானே போகிறாள்? சங்கு அவளைக் கேட்காமல் வருகிறது. ஆனால் அதற்கும் நேரம் உண்டு. ஐந்து நிமிடம் முன்பே கடிகாரத்தைக் காட்டிச் சொல்லுங்கள், காதை மூடும் ஹெட்போனை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கூடலூர்: ஆட்டிசத்துக்கு அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. யூடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, விண்ணப்பியுங்கள்.

உதகை, 31 வயதுப் பெண்: எனக்கு ஆட்டிசம் என்று போன வருடம்தான் தெரிந்தது. ஆபீஸ் கணக்கில் ஒரு பைசா பிசகாது. வீடு வந்தால் குளிக்கக்கூட எழ முடியவில்லை. சோம்பேறியா நான்?

சோம்பேறிக்குக் கணக்கு பிசகியிருக்குமே! கண்ணைப் பார்த்துப் பேசுவது, டியூப்லைட் இரைச்சலைப் பொறுப்பது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது எல்லாம் உங்களுக்குச் சம்பளமில்லாத இரண்டாவது வேலை. வீடு வரும்போது மிச்சம் எதுவும் இருக்காது.

அப்புறம், குளியல் ஒரே வேலை இல்லை. ஹீட்டர் போட வேண்டும், காத்திருக்க வேண்டும், ஊட்டிக் குளிரில் துணி கழற்ற வேண்டும், ஈரத்தோடு வெளியே வர வேண்டும். எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். என்னிடம் வந்த ஒருவருக்குச் சிக்கலே ஈரத் தலைதான். தலைக்கு ஊற்றுவதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார். மற்ற நாள் உடம்புக்கு மட்டும். இப்போது தினமும் குளிக்கிறார். நீங்கள் வீடு வந்ததும் விளக்கை அணைத்து அரை மணி நேரம் படுங்கள், யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு. குளியல் காலையில் என்றாலும் சரி.