விலை ஏறியதும் காணாமல் போன பூ மூட்டை

கேள்வி: கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பாவுக்குத் தோவாளை பூச்சந்தையில் கமிஷன் கடை, அதற்கே ஜாவாவில் கணக்கு ப்ரோகிராம் எழுதுகிறேன். 'பூமூட்டை' என்று ஒரு கிளாஸ். ரசீது எண், பூவின் பெயர், எடை, விலை என்று நாலு ஃபீல்டு. எக்லிப்ஸில் (ப்ரோகிராம் எழுத உதவும் மென்பொருள்) 'ஜெனரேட் ஹேஷ்கோட் அண்ட் ஈக்வல்ஸ்' கொடுத்து, வந்த பெட்டியில் நாலுக்கும் டிக் போட்டேன். மூட்டைகளை ஹேஷ்செட் என்ற தொகுப்பில் சேர்த்தபின் ஒன்றின் விலையை மாற்றினால், அது உள்ளே இருக்கிறதா என்று கேட்கும் 'கன்டெய்ன்ஸ்' ஃபால்ஸ் என்கிறது, ஆனால் ஃபார் லூப் ஓடவிட்டால் அந்த மூட்டை அங்கேயே இருக்கிறது! எக்லிப்ஸில் கோளாறா?
- வாசகி, தோவாளை

பதில்: எக்லிப்ஸ் மேல் பழி போடாதீர்கள், நீங்கள் டிக் போட்டதைத்தான் அது எழுதிக் கொடுத்திருக்கிறது.

ஹேஷ்செட்டை நிறைய அறைகள் உள்ள குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சரக்கு எந்த அறைக்கு என்பதை ஹேஷ்கோட் தரும் எண்தான் முடிவு செய்கிறது. பிச்சி கிலோ 300 ரூபாயாக இருக்கும்போது மூட்டை ஓர் அறைக்குப் போனது. அப்புறம் முகூர்த்த நாள் என்று விலை 800 ஆகிறது, விலைக்கும் டிக் போட்டிருப்பதால் ஹேஷ்கோடும் கூடவே மாறிவிடுகிறது. இப்போது தேடச் சொன்னால் ஜாவா புது எண்ணை வைத்துத் தேடிவிட்டு 'இல்லை' என்கிறது, மூட்டையோ பழைய எண்ணோடு பழைய இடத்திலேயே கிடக்கிறது. ஃபார் லூப் எண்ணைப் பார்க்காமல் எல்லா அறையையும் வரிசையாகத் திறப்பதால் அதன் கண்ணில் படுகிறது. 'ரிமூவ்' கொடுத்துப் பாருங்கள், அதுவும் நடக்காது.

இரண்டும் ஒரே மூட்டைதானா என்று ஈக்வல்ஸ் பார்ப்பதும் டிக் போட்ட ஃபீல்டுகளை வைத்துத்தான். எதற்கு டிக் போடுவது என்று அப்பாவிடமே கேட்டிருக்கலாம். காலையில் வந்த மூட்டைக்குப் பத்து மணிக்கு விலை ஏறினால் அதை வேறு மூட்டை என்றா சொல்வார்? ரசீது எண்ணைத்தான் பார்ப்பார். எடையும் நம்பக்கூடியதல்ல, பூ வாட வாடக் குறையும். ஆக ரசீது எண் ஒன்றே போதும்.

ஆல்ட், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் 'சோர்ஸ்' மெனு வரும், அதிலிருந்து அதே பெட்டிக்குப் போங்கள். பழைய மெத்தடுகளை அழித்துவிட்டு எழுதட்டுமா என்று கேட்டால் சரி சொல்லுங்கள், மற்ற மூன்று டிக்கையும் எடுத்துவிடுங்கள். முக்கியமாக, ரசீது எண்ணுக்கு செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தடு) இருக்கவே கூடாது, இருந்தால் நாளைக்கு யாராவது அதை மாற்றி இதே கதை மறுபடி நடக்கும். அந்த ஃபீல்டை பிறகு மாற்ற முடியாத 'ஃபைனல்' ஆக்கி, மதிப்பை மூட்டையை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் மட்டும் வாங்குங்கள். கெட்டர், செட்டர் பெட்டியில் 'செலக்ட் ஆல்' அமுக்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு (எனக்கும் இருந்தது). ஃபைனல் ஃபீல்டுக்கும் செட்டர் அனுமதிக்கவா என்று அதில் ஒரு கட்டம் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

கிளாஸுக்குப் பதில் ஜாவா 16-இல் முழுமையாக வந்த 'ரெக்கார்டு' எடுத்தால் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் எல்லாம் தானாகவே வரும். ஆனால் ரெக்கார்டின் ஃபீல்டுகளை மாற்ற முடியாது, ஒரே நாளில் நாலு விலை பார்க்கும் பூ மூட்டைக்கு அது ஒத்துவராது.

கேள்வி: இன்டெலிஜேயில் (எக்லிப்ஸ் மாதிரி இன்னொரு மென்பொருள்) ஆல்ட், இன்சர்ட் அமுக்கி, ஃபீல்டுகளை எழுத்தாகக் காட்டும் 'டூஸ்ட்ரிங்' உருவாக்கினேன். பிறகு சேர்த்த ஃபீல்டு பிரிண்டில் வரவில்லையே?
- வாசகர், குளச்சல்

பதில்: வராது. பெட்டி ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காது. ஃபீல்டு சேர்க்கும்போதெல்லாம் மறுபடி ஜெனரேட் கொடுக்க வேண்டும், ஈக்வல்ஸுக்கும் இதே கணக்கு. கிளாஸில் பாஸ்வேர்டு மாதிரி ஏதும் இருந்தால் டூஸ்ட்ரிங் பெட்டியில் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ப்ரோகிராம் குறிப்பு எழுதிவைக்கும் லாக் ஃபைலில் எல்லோரும் படிக்கிற மாதிரி வந்து நிற்கும்.