பெற்றோரைப் பார்க்க ஒரு சட்டம்

கேள்வி: பெற்றோரைப் பார்க்க வராத பிள்ளைகள் மீது சீனாவில் வழக்குப் போடலாமாமே, நிஜமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: நிஜம்தான் ஆச்சி. தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நலமாவது விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்திருத்தம் அங்கே 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கே வூஷி நகர நீதிமன்றம் ஒன்று, 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கும்படி மகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் ‘அடிக்கடி’ என்றால் எத்தனை முறை என்று சட்டம் சொல்லவில்லை.

பாசத்தைச் சட்டம் போட்டா வரவழைப்பது என்று சீனர்களே பலர் கேட்டார்கள். பிழைப்புக்காகத் தொலைதூர நகரங்களுக்குப் போனவர்களோ, முதலில் எங்களுக்கு லீவு கொடுங்கள் என்றார்கள். இதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்த லீவை முதலாளிகள் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நம் நாட்டின் 2007 சட்டம் பராமரிப்புச் செலவைத்தான் கேட்கிறது. வந்து பார்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கானாடுகாத்தானில் என் பெரியம்மா இருக்கிறார். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி எல்லா அறையும் பூட்டு. விளக்கு வைத்ததும் முகப்பில் வந்து உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொள்வார். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்ட பிறகுதான் சாப்பாடு. போன வாரம் இரண்டு நாள் அந்தப் போன் வரவில்லை. சோறு அப்படியே இருந்தது.