வீட்டு சர்வருக்கு பழைய ரேக் சர்வரா, மினி பிசியா?

கொழிஞ்சாம்பாறை வீட்டில் சர்வர் வைக்க இந்த இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை.

24 மணி நேரமும் ஓடும் பெட்டியில் ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட் கரண்ட். சும்மா நிற்கும்போதே 100 வாட் இழுக்கிற பழைய ஜியான் (இன்டெலின் சர்வர் ப்ராசஸர்) ரேக் பெட்டி 876 யூனிட் தின்றுவிடும். விசிறி இரைச்சல் வேறு. இன்டெல் என்100 ப்ராசஸர் போட்ட மினி பிசி சிக்கனம்தான். ஆனால் கார்டு, டிஸ்க் எல்லாம் ப்ராசஸரோடு பேசும் பாதைகள் (பிசிஐஇ லேன்) 9தான். பின்னால் நாலு டிஸ்க், 10 ஜி (10 ஜிகாபிட்) நெட்வொர்க் கார்டு என்று போனால் முட்டும்.

இன்டெல் ஐ3-12100 ப்ராசஸர் எடுத்து, சாதாரண டெஸ்க்டாப்பாகக் கட்டுங்கள். ‘எஃப்’ என்று முடிகிற மாடல் வேண்டாம், அதில் கிராஃபிக்ஸ் கிடையாது; வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்ற தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் கரண்ட் செலவு ஏறும். போர்டில் நாலு ரேம் ஸ்லாட் இருக்கட்டும், இப்போதைக்கு இரண்டை நிரப்பினால் போதும். டிஸ்கும் குறைவாக, பெரிதாக: ஒவ்வொன்றும் சுழன்றாலே சுமார் 5 வாட்.

ஐப்பசி இடிக்கு யூபிஎஸ் மட்டும் பத்தாது. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.