17ஆம் நூற்றாண்டு நூலான ‘ஜாமிஉத் துவல்’, 11ஆம் நூற்றாண்டு வரலாற்றுக்கு எப்படி ஆதாரமாகும்?

நியாயமான சந்தேகம்தான். இதை அரபியில் எழுதிய அஹமது, உஸ்மானிய சுல்தான் நான்காம் மெஹ்மதின் தலைமைச் சோதிடர். ‘முனஜ்ஜிம் பாஷி’ என்ற பதவிப் பெயரே அவர் பெயராக நிலைத்துவிட்டது. 1702இல் மக்காவில் இறந்தார்.

‘துவல்’ என்பது ‘தவ்லா’வின் பன்மை: அரசுகள், அரச வம்சங்கள். (நம்மூரில் ‘தௌலத்தா திரியறான்’ என்கிறோமே, அதே வேர்தான்.) வம்சம் வம்சமாகப் பழைய நூல்களைச் சுருக்கி அடுக்கியிருக்கிறார்.

அவர் கையில் இருந்த நூல்களில் சில இன்று இல்லை. காஸ்பியன் கரையிலுள்ள தர்பந்து, ஷிர்வான் பகுதிகளின் 11ஆம் நூற்றாண்டு வரையிலான பழைய வரலாறு ஒன்று அப்படித்தான் தொலைந்தது. அதன் சாரம் இவர் எழுதியதில் மட்டும் பிழைத்திருக்கிறது. தர்பந்தின் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் ஆட்சியாளரான அமீரைத் துரத்துவதும், அப்புறம் திரும்ப அழைப்பதுமான கதையெல்லாம் அதில் வரும். வரலாற்றறிஞர் மினோர்ஸ்கி 1958இல் நூலின் அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

ஒரு எச்சரிக்கை. கவிஞர் நெதீம் தலைமையில் வந்த துருக்கி மொழிபெயர்ப்புதான் 1868இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது. அது சுருக்கம். பெயரோ ஆண்டோ சரிபார்க்க வேண்டுமென்றால், அரபு மூலத்தைத்தான் பார்க்க வேண்டும்.