தோட்டம் கேள்வி பதில்: கசக்கும் ஆப்பிள் மரத்தை வெட்டலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஆப்பிளைப் பற்றியவை. இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் ஹெர்ஃபோர்டுஷயர் சைடர் ஆப்பிளுக்குப் பேர்போன ஊர் என்பதால், எனக்குச் சந்தோஷமான வேலைதான்.

கேள்வி: சாமர்செட்டில் டான்டன் அருகே பழைய வீடு ஒன்றை வாங்கினோம். கொல்லையில் வயதான ஆப்பிள் மரம் நிற்கிறது. பழம் சின்னது, கருஞ்சிவப்பு, பார்க்க அவ்வளவு அழகு. கடித்தால் வாயெல்லாம் கசப்பும் துவர்ப்பும், பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள். வெட்டிவிட்டு நல்ல மரமாக வைக்கலாம் என்கிறார் கணவர். வெட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வெட்டாதீர்கள். மரத்தில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கடித்துச் சாப்பிட வைத்த மரமே இல்லை. சாறு பிழிந்து, புளிக்கவைத்து, சைடர் என்ற மதுவைச் செய்வதற்காக யாரோ வைத்தது. நாவல்பழம் தின்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதே துவர்ப்புதான் இதிலும். டானின் என்பார்கள். அது இல்லாத சைடர் சப்பென்று இருக்கும்.

பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டனில் 1903-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநரான பார்க்கர், சைடர் ஆப்பிள்களை நான்காகப் பிரித்தார். சாற்றில் அமிலம் 0.45 சதவீதத்தைத் தாண்டினால் புளிப்பு வகை. டானின் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் கசப்பினிப்பு. இரண்டும் தாண்டினால் கசப்புப்புளிப்பு. இரண்டுமே குறைவாக இருந்தால் இனிப்பு. கசப்புப்புளிப்பு வகையில் பெரிய பெயர் கிங்ஸ்டன் பிளாக். வேறு ஆப்பிள் எதையும் கலக்காமல் தனியாகவே நல்ல சைடர் தரக்கூடியது. உங்கள் டான்டனுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் கிங்ஸ்டன் செயின்ட் மேரி என்ற ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. சின்ன, கருஞ்சிவப்புப் பழம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மனசு துள்ளியது.

ஆனால் கருஞ்சிவப்பாக இருப்பதெல்லாம் கிங்ஸ்டன் பிளாக் ஆகிவிடாது. அக்டோபர் 21-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பல ஊர்களில் ஆப்பிள் நாள் கொண்டாடுவார்கள். 1990-ல் லண்டனில் தொடங்கிய வழக்கம். நிறைய இடங்களில் ரகம் சொல்லும் ஆட்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு பழத்தோடு போகாதீர்கள். வெயில் பட்ட பக்கத்திலிருந்தும் நிழல் பக்கத்திலிருந்தும் காம்போடு நாலைந்து பறித்து, இரண்டு இலையும் சேர்த்து எடுத்துப் போங்கள். அவர்கள் காம்பின் நீளம், அடிக்குழி, சதையின் நிறம் எல்லாம் பார்த்துச் சொல்வார்கள். அதிலும் தெரியாவிட்டால் கோடையில் இலையை அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. மரம் பொந்து விழுந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பொந்தோடு பல வருடம் காய்க்கும். குளிர்காலத்தில் காய்ந்த கிளையையும், பட்டை வெடித்துப் புண்ணான கிளையையும் நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுங்கள். கிங்ஸ்டன் பிளாக்காக இருந்தால் இந்தப் பட்டைப்புண் நோய் அடிக்கடி வரும். ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. அதிகம் கழித்தால் அடுத்த வருடம் குச்சி குச்சியாகச் செங்குத்துத் தளிர்தான் கிளம்பும், காய் இருக்காது.

கேள்வி: அக்கம்பக்கத்துப் பழைய மரம் ஒன்றின் பழத்திலிருந்து என் மகன் விதை எடுத்து ஊன்றினான். நான்கு முளைத்திருக்கின்றன. அதே பழம் காய்க்குமா?

பதில்: காய்க்காது. ஆப்பிள் விதை எதுவும் தாயைப் போலவே வராது, ஏனென்றால் பாதி வேறு மரத்து மகரந்தம். மகனை ஏமாற்றமடைய விடாதீர்கள். டாபினெட் என்ற அருமையான சைடர் ரகமே சாமர்செட்டில் மிடில் லாம்ப்ரூக் என்ற ஊரில் வேலியோரம் தானாக முளைத்து நின்றதுதான். இடம் இருந்தால் ஒரு கன்றை வளரவிடுங்கள்.

அதே மரம் வேண்டுமானால் ஒட்டுக்கட்டுவது ஒன்றே வழி. இன்றிருக்கும் ஒவ்வொரு டாபினெட்டும் அந்த வேலியோர மரத்தின் குச்சியிலிருந்து குச்சியாக வந்தது. யாரும் ஒட்டுக்கட்டாமல் விட்டால் கடைசி மரத்தோடு ரகமும் போய்விடும். டான்டன் வாசகிக்கும் இதைத்தான் சொல்கிறேன்: மரம் என்ன ரகம் என்று தெரியும் முன்பே, இந்த ஜனவரியிலேயே குச்சி எடுத்துவிடுங்கள்.

பென்சில் தடிமனில், போன கோடையில் வளர்ந்த குச்சியாகப் பாருங்கள். ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். அதே ஃபிரிட்ஜில் பழம் வைக்காதீர்கள். பழம் விடும் வாயு மொட்டைக் கெடுக்கும். மார்ச்சில் வேர்ச்செடியில் (குச்சியை ஒட்டவைக்கும், வேரோடு இருக்கும் அடிச்செடி) மொட்டு உப்பத் தொடங்கியதும் வேலையை ஆரம்பிக்கலாம். கத்தி சவரக்கத்தி கூர்மையில் இருக்க வேண்டும். வேர்ச்செடியை நாலு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாக ஒரே இழுப்பில் சீவுங்கள். இரண்டு மூன்று முறை சீவினால் வெட்டு மேடுபள்ளமாகி, ஒட்டும் இடத்தில் இடைவெளி விழும். குச்சியின் அடியையும் அதே அளவில் சீவி, இரண்டிலும் ஒரு சின்ன நாக்கு பிளந்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையுங்கள். பட்டைக்கு உள்ளே பச்சையாக ஒரு மெல்லிய வளையம் தெரியும். உயிர் அங்கேதான். குச்சி வேர்ச்செடியைவிட மெலிதாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தப் பக்கத்துப் பச்சையோடு பச்சை சேரும்படி வையுங்கள். இறுக்கி டேப் சுற்றுங்கள், நுனிக்கு மெழுகு தடவுங்கள். மே மாதத்தில் மொட்டு விரியும்.

கேள்வி: எங்கள் தோட்டம் சின்னது, ஒரு மரத்துக்குத்தான் இடம். எதை வைக்கலாம்?

பதில்: டாபினெட். என் தோட்டத்திலும் அதுதான் நிற்கிறது, தயங்காமல் சொல்கிறேன். தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், எனவே ஜோடி மரம் தேவையில்லை. மற்ற ஆப்பிளெல்லாம் பூத்து ஓயும் சமயத்தில்தான் பூக்கும், பின்பனியில் பூ கருகுவது குறைவு. பொட்டாஷ் மட்டும் நிறையக் கேட்கும். குளிர்காலத்தில் அடுப்புச் சாம்பலை மரத்தைச் சுற்றித் தூவிவிடுங்கள்.

மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதை வேர்ச்செடிதான் தீர்மானிக்கும். எம்.26 என்ற வேர்ச்செடி ரகம் என்றால் சுமார் 3 மீட்டர், எம்.எம்.106 என்றால் 4 மீட்டர். எம்.25 ஆடு மாடு மேயும் தோப்புக்கு உரியது, உங்களுக்கு வேண்டாம். எம்.எம்.106-ஐ நல்ல மண்ணில் வையுங்கள். தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும். நவம்பர் முதல் மார்ச் வரை மண்ணில்லாத வேர்க்கன்று கிடைக்கும், விலையும் குறைவு. ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் மேல்குச்சியும் வேர்விட்டு, மரம் கட்டுக்கடங்காமல் உயரும். முதல் சில வருடங்கள் அடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் இருக்கக் கூடாது.

கேள்வி: போன வருடம் கொட்டிக் காய்த்தது, இந்த வருடம் பூவே இல்லை. நோயா?

பதில்: நோய் இல்லை. அடுத்த வருடப் பூமொட்டு இந்தக் கோடையிலேயே உருவாகும். மரம் நிறையக் காய் சுமந்தால், காயில் இருக்கும் விதைகள் சுரக்கும் பொருள் அதைத் தடுத்துவிடும். கொட்டிக் காய்க்கும் வருடத்தில் ஜூன் கடைசியில் கொத்துக்கு ஒன்றிரண்டு விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் அப்பா வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு ஒட்டுக்குச்சி கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் செடி கொண்டுபோகக் கூடாது. போனாலும் பயனில்லை. இந்த ரகங்களின் மொட்டு விழிக்க 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் வேண்டும். கோவையில் அது ஏது?

கேள்வி: எங்கள் வீட்டில் மது தொடமாட்டோம். சைடர் ஆப்பிள் மரத்தால் எங்களுக்கு என்ன உபயோகம்?

பதில்: சாறாகக் குடியுங்கள். ஆனால் தனியாகப் பிழிந்தால் துவர்க்கும். பிராம்லி போன்ற புளிப்பு ஆப்பிள் பாதி சேர்த்துப் பிழிந்தால் கடைச்சாற்றில் கிடைக்காத ருசி வரும். பறித்ததும் பிழியாதீர்கள், கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும் வரை இரண்டு மூன்று வாரம் கொட்டகையில் பரப்பி வையுங்கள், மாவு சர்க்கரையாகும். அழுகியதை எடுத்துப் போடுங்கள். வீட்டுப் பிழிபொறியில் 10 கிலோவுக்கு 5, 6 லிட்டர் கிடைக்கும். பிழிந்த சாற்றைப் பாட்டிலோடு 75 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வினிகரும் செய்யலாம்தான், ஆனால் சாறு முதலில் மதுவாகி அப்புறம்தான் வினிகர் ஆகும். அது உங்களுக்குச் சரியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.